வெள்ளோட்டம்

லாரி கிளம்பிவிட்டது என்கிறது செயலி.
பாணத்தூர் அடுக்ககத்தின் செயலாளர் நளினாக்ஷி
மொட்டைமாடித் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
மூன்றாம் முறையாக அழைக்கிறார்.
கன்னடத்தில் ஒரே கேள்வி:
எங்கிருந்து கிளம்பியது?

மார்ச் மாதம். இரவு இரண்டு ஐம்பது. காடுபீசனஹள்ளி.
எண்பத்தாறு தண்ணீர் லாரிகள்
திரையில் ஓடிக்கொண்டிருக்கின்றன,
வர்த்தூர் ஷெட்டில் நின்றபடி.

கோப்பைத் திறந்தேன்.
வெள்ளோட்டம்: பொய்
என்றுதான் இருந்தது. என் கையால் எழுதியது.
நம்பாமல் அழித்து மறுபடியும் எழுதினேன், பொய்.
மூட்டை கட்டி, கன்டெய்னரில் ஏற்றி அனுப்பினேன்.
பதினோரு நிமிடம் போனது.
லாரிகள் நின்றபடியே ஓடின.

நான் குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தில்,
முத்திரைத்தாளில், இரு சாட்சிகளோடு,
தண்ணீர் நாள் முழுவதும் என்றிருக்கிறது.
லிப்டுக்குள் செல்லோடேப்பில் தொங்கும் தாளில்
காலை ஆறு முதல் ஏழேகால்.
குழாய் இரண்டில் எதைப் படிக்கிறதென்று
முகமெல்லாம் சோப்போடு நின்றவனுக்குத் தெரியும்.

கோப்பை மூடினேன்.
கன்டெய்னருக்குள் இறங்கி
உன் சுவரில் என்னென்ன ஒட்டியிருக்கிறார்கள், காட்டு என்றேன்.
மூன்றெழுத்துக் கட்டளைதான். கொட்டித் தீர்த்தது:
போர்ட் எண், நேர மண்டலம்,
பட்டப்பகல் மாதிரி ஒரு கடவுச்சொல்,
எப்போதோ மூடிய கிளையின் முகவரி,
பிறகு அதே பெயர்.
பெரிய ஆங்கில எழுத்துகளில், நடுவே இரட்டை அடிக்கோட்டோடு.
வெள்ளோட்டம் = "பொய்"

ப்ரீதம் குட்டப்பாவின் வேலை.
வெள்ளிக்கிழமை, கேக் வெட்டி விடைபெறுமுன்,
எதற்கும் பத்திரமாக இருக்கட்டுமே என்று.
இன்றிரவு மறுபிறவி எடுத்தபோது
கன்டெய்னர் அதைப் படித்துக்கொண்டது.

கோப்பில் பொய் என்றால் பொய்.
சூழலிலோ எல்லாமே வெறும் எழுத்து.
நிரல் கேட்டது ஒன்றுதான்:
அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா?
இருக்கிறது.
காலியில்லை அல்லவா, அப்படியென்றால் மெய்.
(பொய்யின் கடைசியில் நிற்பதும்
ஒரு மெய்யெழுத்துதானே என்று
அந்த நேரத்தில் சிரிப்பு வேறு வந்தது.)

சூழல் மாறி என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.
சூழல் மாறி மூன்று நாளாகியும்
கோப்பையே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தவில்லை. எதை எழுதினாலும் மெய்யாகும் இடத்தில்
திருத்த என்ன இருக்கிறது.
வரியையே எடுத்தேன்.

மூன்று நாற்பத்தெட்டு.
முதல் அழைப்பு நளினாக்ஷியுடையது அல்ல.
ஷெட்டிலிருந்து ஓட்டுநர் சொன்னப்பா, ஓசூர்த் தமிழில்:
"சார், டிரிப் வந்திருக்கு. மெய்யாலுமே போகணுமா?
சாயங்காலத்துலேர்ந்து உங்க பொட்டி
ஒண்ணும் சொல்லாம போன மாதிரியே காட்டுது."
போங்க என்றேன்.
"வாயால சொன்னா ஆகாது சார், எழுதிப் போடுங்க."

மெய் என்று தட்டி அனுப்பினேன்,
மேற்கோள் குறி இல்லாமல்.