ஒன்பது வீடும் ஒரு கானும்

டைக் வீதிக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை.
ஒன்பது வீடு, நடுவில் ஒரு கான்.
மகாவலி கொட்டியாரப் பக்கம் போய்க்
கடலில் விழுந்துவிட்டது.
எங்களுக்கு வாய்த்தது இதுதான்.

நாடகம் எடுப்பம் என்றான் ரம்ஸீன்,
கலியாண வீடியோக்காரன்.
நோன்பு மாதம், கலியாணம் இல்லை,
கமரா சும்மா கிடக்குது.
வாரத்துக்கு இருபது நிமிடம், முழுக்கப் பகிடி.
"நீ எழுது. கச்சேரியில கடிதத்துக்கு இலக்கம் போடுறவளுக்கு
ஆளுக்கு ரெண்டு வசனம் போட ஏலாதா?"

எழுதினேன்.
மறுநாளே ஒழுங்கை முழுக்க என் குசினிக்குள்.
புவனலோசினி அக்காவுக்குத்
தன் பாத்திரம் கொஞ்சம் மெலிவாய் வேண்டுமாம்.
ஸரீனா வீட்டுப் பொடியன் மோட்டார்சைக்கிள் கேட்டான்,
கதையிலாவது.
நேவியில் சமைத்து ஓய்ந்த லலித் மாத்தயா
தன் தமிழில் கை வைக்கக் கூடாது என்றார்:
"பிழையா பேசினாத்தான் நான்."

சிரிப்புத்தான் பெரும்பாடு.
இன்ரநெற்றில் இலவசமாய்க் கிடந்ததை இறக்கினோம்.
யாரோ குளிர் தேசத்தார் சிரித்தது.
எங்கள் பகிடி விழுந்து, கான் தாண்டி,
மதில் ஏறி மறைந்த பிறகே
அவர்களுக்கு விளங்கியது.

சரி, நாங்களே சிரிப்பம் என்று
பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தோம்.
"சிரியுங்கோ" என்றான்.
அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல
ஒன்பது வீடும் விறைத்தது.
அப்போதுதான் கோட்டைப் பக்கமிருந்து
ஒரு புள்ளிமான் வந்தது.
யாரையும் பார்க்கவில்லை.
மேசையில் இருந்த மூன்றாம் பக்கத்தைத் தின்றது.
பிறகு நாலாம் பக்கத்தை.
அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும்
எல்லாப் பாகத்திலும் ஒட்டுகிறோம்.
காது கொடுத்துக் கேட்டால்
நடுவில் கடதாசி கிழியும்.

இனி, திலகேஸ்வரன் அண்ணன்.
இனி, எதிர்வீட்டு மெர்வின் பார்தலோட்,
துறைமுகத்தில் கிரேன் திருத்தியவர்.
கான் யார் கேற்றுக்கு முன்னால் நிரம்புது என்பதில்
மூன்று வருடம் கதை பேச்சில்லை.
மனைவிமார் மதிலுக்கு மேலால்
மீன்சட்டி மாற்றுவார்கள்; அது வேறு கணக்கு.
வேறு ஆள் இல்லாமல்
இருவரையும் அவர்களாகவே நடிக்க வைத்தேன்.

சீன் இவ்வளவுதான்:
இவர் தேத்தண்ணி நீட்ட வேண்டும், அவர் வாங்க வேண்டும்.
முதல் தரம் மசூதியில் பாங்கு.
இரண்டாம் தரம் காகம்.
மூன்றில் கோவில் மணி, நாலில் மின்சாரம்,
ஐந்தில் மெர்வினுக்கு வசனம் மறந்தது,
ஆறில் திலகேஸ்வரனுக்குக் கை நடுங்கியது,
அதைக் காற்று என்று எழுதிக்கொண்டோம்.
ஏழாவது கோப்பை.
கமராவுக்குப் பின்னால் நோன்போடு ரம்ஸீன்
எச்சில் விழுங்கும் சத்தம் பதிவில் இருக்கிறது.

"கட்" என்றதும்
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
பாதிக் கோப்பை கான் கட்டில்,
எறும்புக்கு.

ஆனால் அன்றிரவு ஒருவர் கேற்றைத் தட்டினார்:
"அடுத்த சூட்டிங் எப்ப, தங்கச்சி?"
விடியமுதல் மற்றவர்.
இதே கேள்வி. இதே பொய்:
"சும்மாதான் கேட்டனான்."

இப்போது பத்துப் பாகம் முடிந்துவிட்டது.
கமரா இருந்தால் சண்டை பிடிக்கிறார்கள்,
சீனி கூட என்கிறார்கள்,
எழுதிக் கொடுக்காத ஒரு வசனம்கூட
போன கிழமை வந்தது:
"உன்ர முழங்கால் எப்படி?"
கமரா இல்லாவிட்டால் ஒழுங்கைக்கு இரண்டு கரை.

போன செவ்வாய் ஒரு கடிதம் வந்தது.
கானை மூடிக் கொங்கிறீற் பலகை போட
அனுமதியாம், காசும் ஒதுக்கியாச்சாம்.
இலக்கம் போட்டவள் நான்தான்.

பெரியவர் மேசைக்கு அது இன்னும் போகவில்லை.
என் லாச்சியில்,
பதினொராம் பாகத்துக்குக் கீழே கிடக்கிறது.
மாரிக்கு இன்னும் மூன்று மாதம்.
மெதுவாய்த்தான் எழுதுகிறேன்.