ஐந்து மதிப்பெண்

ஜீரோ கேட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்.
திருச்சினாங்குப்பத்துக்கு எதிரே
செவ்வாய் இரவு நின்ற டிரெய்லர்
நின்றபடி நிற்கிறது.
ஸ்டீயரிங் மேல் பாடப்புத்தகம்.
தொலைதூரக் கல்வி, இரண்டாம் ஆண்டு, தாள் நான்கு:
பண்டைய உலகின் சமயங்களும் தத்துவங்களும்.

எகிப்தில் இறந்தவனின் இதயத்தைத்
தராசில் வைப்பார்களாம், எதிர்த்தட்டில் ஓர் இறகு.
படித்துவிட்டு எடைமேடைச் சீட்டைத் தேடினேன்.
டாஷ்போர்டில்தான் இருந்தது.
நாற்பது டன், இருநூறு கிலோ,
வண்டியும் கல்லும் என் இதயமும் சேர்த்து.

பாரசீகத்தார் தீயை அணையவிடாத பக்கத்தில்
கண்ணயர்ந்து விழித்தால்
மணலிப் பக்கம் ஆலைக் குழாயின் உச்சியில் சுடர்
யாரும் தொழாமலே எரிகிறது.
ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்றானாம்
ஒரு கிரேக்கன்.
எங்கள் கொசஸ்தலையில் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும்.
முழங்கால்வரை சாம்பல்.

ஆசீவகத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான்.
அதிலும் பாதி, அவர்களை ஏசியவர்கள் சொன்னது.
சொந்த நூல் ஒன்றும் மிஞ்சவில்லை என்று
அடிக்குறிப்பில், எறும்பெழுத்தில்.
வீசிய நூலுருண்டை
நூல் தீருமட்டும் உருண்டு, தீர்ந்த இடத்தில் நிற்கும்.
உயிரும் அப்படித்தான்.
அழுதாலும் நோற்றாலும்
ஒரு முழம் குறையாது, ஒரு முழம் கூடாது.
இதைப் படித்த பிறகு ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டேன்.
வரிசையில் நின்றவன் எவனோ கண்ட மதம் இது.

நிறங்களும் வைத்திருந்தார்கள்:
கரும்பிறப்பு, நீலம், பச்சை, செம்பிறப்பு,
பொன், கடைசியில் வெண்பிறப்பு.
கண்ணாடி வழியே எண்ணினேன்.
எல்லாம் எனக்கு முன்னால் நின்றன,
கப்பல் கம்பெனிப் பெயர்களோடு.
என்னுடையது துருவேறிய செம்பிறப்பு, உள்ளே கிரானைட்.
வெண்பிறப்பு என்பது குளிர்பெட்டி. இறால்.
கெட்டுவிடும் என்று போலீஸ்காரர்
அதைத் தனிவழியில் விடுவார்.
வீடுபேறு என்ன என்று
அன்று எனக்கு லேசாகப் பிடிபட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு, தண்டையார்பேட்டையில்.
வண்டி நகராமல் நின்றால் நடுவில் எவனாவது புகுவான்,
பிறகு வாலிலிருந்து தொடங்க வேண்டும்.
பின்வண்டிக்காரன் இன்னாசி.
இதே குப்பத்துக்காரன். வீடு கூப்பிடு தூரம்,
படுக்கை மட்டும் வண்டியில்.
மூன்று நாளில் நாங்கள் பேசியது
தண்ணீர் கேன் பற்றி.
சாவியை நீட்டினேன்.
"கிளட்ச் எப்டி?"
"பாதிக்கு மேல விட்டாத்தான் புடிக்கும்."
அவ்வளவுதான்.

ஷேர் ஆட்டோவில் மூன்று பெண்கள், நாலு மீன்கூடை, நான்.

பகுதி ஆ, பதினொன்றாம் கேள்வி:
ஆசீவகரின் ஊழ்க்கோட்பாட்டை விளக்குக.
ஆயிரம் ஆண்டுக்கு மேல்
வெயிலில் வெற்றுடம்பாய் நடந்தவர்களுக்கு
ஐந்து மதிப்பெண்.
நூலுருண்டை எழுதினேன். ஆறு நிறமும் எழுதினேன்.
முயற்சிக்கு இடமில்லை என்பது அவர்தம் துணிபு
என்று முடித்துச் சன்னலைப் பார்த்தேன்.
இந்நேரம் ஒருத்தன்
இரண்டு வண்டிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருப்பான்.
தாளில் நாலு வரி மிச்சமிருந்தது.
கேள்வியில் அது கேட்கப்படவில்லை.

திரும்பி வந்தபோது
விட்ட இடத்தில் வண்டி இல்லை.
சீட்டில் அச்சிட்ட எடை மொத்தமும்
நெஞ்சில் ஏறியது.
பிறகு கண்டேன். இருநூறு அடி தள்ளி,
முன்வண்டியோடு ஒட்டி,
ஒரு பைக்கூட நுழைய இடம் விடாமல்.
நிழலில் இன்னாசி பனியனைப் பிழிந்துகொண்டிருந்தான்.
"ஏழு தபா எட்த்தேன்.
உன்னுது, ஓடியாந்து என்னுது, திரும்ப உன்னுது.
கிளட்ச்சு சொன்ன மாரி இல்ல, முழுசா வுடணும்.
இன்னா கேட்டான்?"

"ஊழ்."

"அப்டீன்னா?"

வாயைத் திறந்தேன்.
முன்வண்டி முப்பதடி நகர்ந்தது.
இருவரும் ஓடினோம்.