ஏழு நாள் குரல் ஓய்வு

குரல்நாணில் ஒரு முடிச்சு என்றார் அண்ணாநகர் டாக்டர்.
மிளகு அளவுதான்.
ஏழு நாள் வாய் திறக்கக் கூடாது,
கிசுகிசுப்பு இன்னும் கெடுதல்.
சரி டாக்டர் என்றேன்.
அதற்கும் முறைத்தார்.

வடபழஞ்சியில், மூன்றாம் மாடியில்
எனக்குப் பெயர் ரேடியோசெட்.
காலைக் கூட்டத்தில் நின்றபடியே
நேற்று முடித்தது, இன்று செய்வது,
ஆளுக்கு ஒரு நிமிடம் என்பது விதி.
எனக்குப் பதினைந்து ஆகும்.
நாகமலை அடிவாரத்தில் பஸ்ஸை மறித்த மயிலில் தொடங்கி
சர்வர் படுத்த கதைக்கு வந்து
ஜெர்மனிக்காரன் சிரித்த விதத்தில் முடிப்பேன்.

இடப்பக்கம் பேச்சியம்மாள்.
உசிலம்பட்டியிலிருந்து தினம் இரண்டு பஸ்.
"ஏழு பிழை. நாலு மூடியாச்சு."
அவளுடைய நிமிடத்தில் பாதி மிச்சமாகும்.
பேருதான் பேச்சி என்று
அவள் சேர்ந்த அன்றைக்கு நான் விட்ட ஜோக்
இரண்டு வருடமாகக் கேன்டீனில் ஓடுகிறது.
போன ஏப்ரலில் அவள் மதிப்பீட்டுப் படிவத்தில்
'தன்னை வெளிப்படுத்தப் பழக வேண்டும்' என்று எழுதி
ஐந்துக்கு மூன்று போட்டவனும் நான்தான்.

முதல் நாள்
'பேசக் கூடாது' என்று எழுதிய அட்டை
அடையாள அட்டைக்குப் பக்கத்தில் தொங்கியது.
தாவூத் சார் கைகூப்பிச் சிரித்தார்.
டீக்கடையில் இரண்டு விரல் காட்டினேன்,
வடை கேட்டால் பருத்திப்பால் வந்தது.
காலைக் கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.
யாருக்கும் எதுவும் குறையவில்லை.
அது கொஞ்சம் வலித்தது,
மிளகுக்கும் கீழே எங்கோ.

நான்காம் நாள் ஒரு பழைய முடிவைத் தேட வேண்டியிருந்தது.
கேட்க வாய் இல்லை.
பேச்சியின் கூட்டக் குறிப்புகளைத் திறந்தேன்.
எல்லோரும் கையெழுத்தில்லாமல் கடந்துபோகும் கோப்பு.
என் பதினைந்து நிமிடம் அதில் ஒன்றரை வரி:
'மயில். சர்வரில் நினைவகம் போதவில்லை. இன்று சரிசெய்வார்.'
மயிலையும் விடவில்லை.
சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது.
மேலே மேலே உருட்டினேன்.

'மார்ச் 12.
அப்பா பெரியாஸ்பத்திரியில் என்றார், நடுவில்.
பதினெட்டாம் வார்டு.
பிறகு பேமென்ட் பக்கம்.
யாரும் கேட்கவில்லை.
நானும்.'

சொன்னேனா?
சொல்லியிருக்கிறேன்.
வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைப்பதுபோல
இரண்டு சிரிப்புக்கு நடுவே வைத்திருக்கிறேன்.
பத்துப் பேர் பழத்தை விழுங்கிவிட்டார்கள்.
கசப்பு ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.
ஒன்றுமே இல்லாத ஆள்போல அவள்
எட்டு மாதமாக அதை
வாயிலேயே வைத்திருக்கிறாள்.

ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம்.
சாட்டில் தட்டினேன்: 'பதினெட்டாம் வார்டு.'
அவள் திரும்பவில்லை.
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன,
திரும்பத் துடித்தன.
ஒருவர் பேசுவதற்காக நான் இவ்வளவு நேரம்
காத்திருந்ததே இல்லை.
'இப்ப எப்படி இருக்காங்க?'

ஆபரேஷன், வராந்தாவில் படுத்த இரவுகள்,
தம்பி வராதது, அன்றைக்கும் நான் டிபன் கட்டிக்கொண்டு
ஆபீஸ் வந்து மயில் கதை சொன்னது
எல்லாவற்றையும் அடித்தேன், ஒரு முழுப் பக்கம்.
அழித்தேன்.
'நடக்கிறார்.'
"நல்லது" என்றாள், வாய்விட்டு.
எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

சாயங்காலம் ஏப்ரல் படிவத்தைத் திறக்கப் பார்த்தேன்.
பூட்டியிருக்கிறது.
அடுத்த ஏப்ரலில்தான் திறக்குமாம்.

ஏழாம் நாள், ஆறரை மணி.
ஜன்னலுக்கு வெளியே மலை கருத்துக்கொண்டிருந்தது.
முடியாத வேலை இன்னும் நாலு மணி நேரத்துக்கு.
பேச்சி நாற்காலியை என் பக்கம் உருட்டி வந்தாள்.
"நாளைக்குக் குரல் வந்துருமா?"
தலையாட்டினேன்.
"அப்ப," என்று கீபோர்டை இழுத்தாள்,
"இன்னைக்கே முடிச்சுருவோம்."