பாடிப் போனவள்

இந்தத் தரையில் ஐந்து ஆட்டங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன.
வெள்ளை இறகுப்பந்து, மஞ்சள் கைப்பந்து, சிவப்பு கூடைப்பந்து.
பச்சை எதற்கென்று ஒட்டிய எனக்கே தெரியாது.
வரைபடத்தில் இருந்தது, ஒட்டினேன்.
நீலம் கபடி.

குன்னூரே கூரையைப் பார்த்து வாய் பிளந்தபோது
நான் மண்டியிட்டு
இரண்டங்குல டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முட்டியால் அறிந்த கட்டடம் எனக்கு இது.

சென்னையிலிருந்து பொறியாளர் வந்தார்.
பங்குனி, பளீரென்ற மதியம்.
காலி அரங்கின் நடுவில் நின்று
ஊசியால் ஒரு பலூனைக் குத்தினார்.
சத்தம் சுவரைத் தொட்டு அலைந்து அடங்கியதை
ஒரு சின்னப் பெட்டி எண்ணியது:
ஒன்றே முக்கால் நொடி.
அருமை என்றார், கையெழுத்துப் போட்டார்,
மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார்.
ஐப்பசி என்று ஒன்று இருப்பதை
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
ஹாலன் சொல்லியிருப்பான்,
அவன் அப்போது ஏணி உச்சியில் வயர் கடித்துக்கொண்டிருந்தான்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை முதல் கச்சேரி.
பர்லியாறு பக்கம் மண் சரிந்து
முன்வரிசைப் பெரிய மனிதர்கள் வழியிலேயே நின்றுபோனார்கள்.
வாத்தியக்காரர்கள் கோத்தகிரி சுற்றி வந்தார்கள், வாந்தியோடு.
தரையை மூடும் ரப்பர் விரிப்பும் பத்தடி குறைச்சல்;
யார் அளந்தது என்று கேட்காதீர்கள்.
மேடைக்கு முன்னால் காலி சோபாக்கள்,
அவற்றின் காலடியில்
என் நீலக்கோடு பளபளவென்று.

இரண்டாம் பாட்டின் நடுவில் இறங்கியது மழை.
மழை என்று நாம் சொல்லும் மழையில்லை.
ஒரு ஏக்கர் தகரத்தின்மேல்
லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல.
பாடகியின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது,
ஒன்றும் வரவில்லை.
ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள்.
மழையும் கூட்டிக்கொண்டது.
அவள் சிரித்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் கிடத்தி
மேடை ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து
விரலால் காற்றில் ஒரு டம்ளர் வரைந்து காட்டினாள்.
ஹாலன் டீக்கு ஓடினான்.

ஓட்டுப்பட்டறைப் பெண்கள் ஏழெட்டுப் பேர்,
பள்ளி அணி, மாடிப் படிகளில் இருந்தவர்கள்,
இறங்கி வந்தார்கள்.
சோபாக்களைத் தள்ளினார்கள்.
நீலத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கால் நிற்காது.
துப்பட்டாவை இடுப்பில் கட்டி
என்னைக் கைகாட்டி நடுவராக்கினார்கள்.

ஜெனோபா பாடிப் போனாள்.
உதடு அசைகிறது. கபடிதானா?
வாய்ப்பாட்டுகூடச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.
மூச்சு விட்டாளா, பிடித்திருக்கிறாளா
எந்தக் காதுக்கும் எட்டாது.
நான் அவளுக்குப் பக்கத்திலேயே நகர்ந்தேன், நண்டுபோல,
அவள் விலா எலும்பைப் பார்த்தபடி.
இரண்டாயிரம் பேரும் பார்த்தார்கள், விலா எலும்பையல்ல, அவளை.
பாடகி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று பேர் விழுந்து பிடித்தார்கள்.
கையை நீட்டி ஊர்கிறாள்,
கோட்டுக்கு இன்னும் ஒரு சாண்.
அந்த நேரம் பார்த்து, குழாயை மூடியதுபோல,
மழை நின்றது.

"டிகபடிகபடிகப—"

கிடந்த மைக் விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.
அரங்கம் முழுக்க அவள் குரல்,
கரகரப்பு, எச்சில், மலைக்காற்றின் இழுப்பு எல்லாமாக,
சுவரைத் தொட்டுத் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது.
தன் குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள்.
அந்தத் திடுக்கிடலில் ஒரு மூச்சு.
பிறகுதான் விரல் நீலத்தைத் தொட்டது.

பாடகி மைக்கை எடுத்தாள்.
"அவுட்டா, இல்லையா?"
இரண்டாயிரம் முகங்கள் என் பக்கம் திரும்பின.
டேப் ஒட்டுகிறவளிடம் யாரும் இதுவரை
எதுவும் கேட்டதில்லை.

"அவுட்" என்றேன்.
மைக் இல்லாமலே கேட்டது.

ஜெனோபா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
நடுக்கோட்டில் ஒரு முழம் நகத்தோடு பிய்ந்திருக்கிறது.
திங்கட்கிழமை ஒட்ட வேண்டும்.