மொய் மேசை

காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய முகூர்த்தத்தின் வாழைமரம்
இன்னும் வாசலில் வாடிக்கொண்டிருக்கிறது.
பொருள்: பாகாயம் வரை டிராம்,
ஜோலார்பேட்டைக்குக் கூடுதல் பாசஞ்சர்,
செலவு யார் தலையில்.
மணமக்கள் சோபாவில் தலைவரும் அதிகாரியும்.
மொய் எழுதும் மேசையில் நான்,
குறிப்பெடுக்க அனுப்பப்பட்டவள்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் திரையில் படம் போட்டார்.
பச்சை டிராம், பின்னால் நம் கோட்டை.
அகழித் தண்ணீர் நீலமாக இருந்தது.
எங்களில் யாரும் அந்த நீலத்தைப் பார்த்ததில்லை.
கிலோமீட்டருக்கு இத்தனை கோடி என்றார்.
பூஜ்யங்களை இரண்டு முறை எண்ணி எழுதினேன்.

மண்டித் தெரு எதிராஜுலு எழுந்தார்.
"ஒண்ணாம் நம்பர் ஓடுது, ரெண்டாம் நம்பர் ஓடுது,
அதுக்கே ரோடு பத்தல.
நட்டத்துல ஓடப்போற வண்டிக்கு நான் ஏன் வரி கட்டணும்?"
கைதட்டல். அதையும் குறித்தேன்.

சத்துவாச்சாரி பல் டாக்டர் சாரோன் கேட்டாள்:
"கிரீன் சர்க்கிள் மேம்பாலம்
எந்த வருஷம் லாபம் காட்டிச்சு?"
இதற்குக் கைதட்டல் குறைவு.
பின்வரிசையில் மட்டும் பலமாக.

ஷேர் ஆட்டோ சங்கத்து பெஞ்சமின்:
"டிராமு அது பாட்டுக்குப் போவும்.
நான் இன்னா பண்றது,
தண்டவாளத்துக்கு நடுவுல நிக்கவா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"வண்டிக்கு இன்னும் இருபத்தோரு டியூ கீது, சார்."

ஒருவர் ஆரம்பித்தார்:
"சாமியில்லாக் கோயிலு, தண்ணியில்லா ஆறு..."
"அதெல்லாம் கேட்டாச்சு, விஷயத்துக்கு வாங்க" என்றார் தலைவர்.
வந்திருந்த விஷயத்தை மறந்து
அவர் உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் ஷூ கம்பெனிப் பெண்கள்,
காவனூர், வளத்தூர், மேல்பட்டி.
அடையாள அட்டை கழுத்தில், விரல் நுனியில் பசை.
ஆம்பூரில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்.
பட்டியலில் பத்தொன்பதாவது பெயர்:
சின்னபாப்பா, வளத்தூர்.
மடித்த ஒரு தாளை அவ்வப்போது பிரித்து
உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது ஆள் பேசி முடிக்கையில் மணி ஆறே முக்கால்.
ஆலோசகர் இன்னொரு படம் காட்ட அனுமதி கேட்டார்.
கிடைத்தது.

சின்னபாப்பா போனைப் பார்த்தாள்,
கதவைப் பார்த்தாள்,
பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள்.
செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.
பதினேழு பேர்.
எண்ணுவதுதானே என் வேலை.

பத்தொன்பதாவது பெயரைக் கூப்பிட்டார்கள்.
திரும்பவும் கூப்பிட்டார்கள்.
"வரலன்னு எழுதிக்கோம்மா."
"வந்திருந்தாங்க சார். வண்டிக்கு நேரமாயிட்டு போயிட்டாங்க."
"எந்த வண்டிக்கு?"
"பாசஞ்சருக்கு. இத விட்டா பத்தரைக்குத்தான்."

முதலில் சிரித்தது எதிராஜுலுதான்.
பாதிச் சிரிப்பில் என்னவோ யோசித்து
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
தலைவர் இருபதாவது பெயரைக் கூப்பிட்டார்.

முடிவில் ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்பது.
தாள்களைச் சேர்த்துக் குத்த ஊசி தேடி
இழுப்பறையை இழுத்தேன்.
நேற்றைய மொய் நோட்டிலிருந்து கிழிந்த ஒரு பக்கம்,
மஞ்சள் கறையோடு.
வேறொருவர் கையெழுத்து:
வளத்தூர், பெயர் சொல்லவில்லை, ரூபாய் நூற்றியொன்று,
சாப்பிடாமல் போய்விட்டார்.

என் படிவத்தில் அப்படியொரு பத்தி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் பதினேழு என்று எழுதினேன்.
நாளைக்கு யாராவது அழிப்பார்கள்.

ரெண்டாம் நம்பரில் வீடு திரும்பினேன்,
பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை
ஒற்றைக் காலில் நின்றபடி.