எல்லாப் பொத்தான்களும்

விண்ணப்பத்தில் கணவர் பெயர் கேட்ட கட்டத்தில்
ஜெசிந்தாவின் பேனா நின்றது.
ஒரு கோடு போடுங்க, போதும் என்றேன்.
ரோலாவின் இந்தப் படிப்பு மையத்தில்
ஆறு வருஷமாகப் படிவம் நிரப்புகிறவன்;
எதற்குக் கோடு போதும் என்று தெரியும்.
கட்டணத்தை நாலு தவணையாக்க
முதலாளியிடம் ஒரு பொய்யும் சொன்னேன்.

புள்ளியியல் தேர்வு வெள்ளிக்கிழமை விழுந்தது.
காப்பகம் பூட்டு. பக்கத்துக் கட்டில்காரிக்கு டூட்டி.
மருந்துக்கடைச் சீருடையோடு வந்தவள்
லெவினை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு
ஹால் டிக்கெட்டைத் தேடினாள்.

முதல் மணி நேரம்
பழைய வினாத்தாளின் பின்பக்கம் ஒட்டகம் வரைந்தான்.
பிறகு கதவைப் பார்த்தான், உதடு பிதுங்கியது.
தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன்.
எல்லாப் பொத்தானும் அவன்தான் அழுத்தினான்.
பதினோரு மாடி.
கதவு திறக்கத் திறக்க
ஆளில்லாத வராந்தாவுக்கு டாட்டா.
ஏழாவதில் மட்டும் மீன் பொரிக்கிற வாசனை.

விரலில் மையோடு வந்து
தூங்கிப்போனவனை என் தோளிலிருந்து வாங்கினாள்.
எப்படி எழுதினீங்க என்று நான் கேட்கவில்லை,
அழுதானா என்று அவளும்.

நாலு தாளில் தேர்ச்சி.
புள்ளியியல் அரியர்.

டிசம்பரில் மறுபடி வந்திருக்கிறார்கள்.
தூக்க வேண்டாமாம்,
ஆறாம் மாடி வரைக்கும்
இப்போது அவனுக்கே எட்டுகிறதாம்.