முதல் பக்கம்

இரண்டும் ஒன்றுபோலத்தான் என்றார்கள்.
பழைய தரவுத்தளத்துக்குத் தெரிந்த பேச்செல்லாம்
புதியதற்கும் தெரியும்,
ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம்,
விடிந்தால் முக்கூடலில் அலுவலகம் திறக்கும்.

பீடி சுற்றுகிறவர்களின் சேமநிதி அட்டவணை.
பிறந்த ஆண்டை வைத்துப் பத்துப் பத்தாகப் பிரித்தது
எனக்கு முன்னால் இருந்துவிட்டுப் போன யாரோ.
ஐம்பதுகளிலிருந்து ஒவ்வொரு பிரிவாக ஏற்றினேன்.
மைதீன் பிச்சை இரண்டாவது டீயோடு மாடியேறி வந்தபோது
எழுபதுகள் முடிந்திருந்தன.

எண்ணிப் பார்த்தோம்.
அங்கே நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
இங்கே முந்நூற்றேழு குறைவு.
திரையில் ஒரே வாக்கியம், முந்நூற்றேழு முறை:
இந்த வரிக்குப் பொருந்தும் பிரிவு இல்லை.

தேதி இல்லாதவர்கள்.
பழையது இவர்களை
எல்லாத் தேதிக்கும் முந்தியவர்கள் என்று எடுத்துக்கொண்டு
முதல் பிரிவில் உட்காரவைத்திருந்தது, யாரும் சொல்லாமலே.
புதியது கறார்.
வெறுமை சிறியதுமில்லை பெரியதுமில்லை,
இடம் வேண்டுமென்றால் நீ கட்டிக்கொடு என்கிறது.

"ஒண்ணாந்தேதி ஒண்ணாம் மாசம்னு போட்டு அடைச்சிருவமா யக்கா,
எல்லாருக்கும் ஒரே பொறந்தநாளா இருந்துட்டுப் போவுது."
மணி இரண்டேகால்.

குறிப்பு என்ற கட்டத்தைத் திறந்தேன்.
சண்முகக்கனி: கொடைக்கு மறுநாள்.
ரசூல் பாத்து: ஆத்துல வெள்ளம் வந்த வருசம்.
லூர்து மாடத்தி: தங்கச்சிக்கு மூணு வருசம் மூத்தது.
தங்கச்சியின் வரியைத் தேடினேன்.
அக்காவுக்கு மூணு வருசம் இளையது.

கேட்டதை அப்படியே தட்டியிருக்கிறார் எழுத்தர்.
தேதிக் கட்டத்தில் பொய் எழுதவில்லை.
நான் எழுதுவானேன்.

புதிய பிரிவு ஒன்று கட்டினேன். பெயர் கேட்டது.
'மீதி' என்று அடித்து அழித்தேன்.
'இதர' ரேஷன் கடை ரசீது மாதிரி இருந்தது.
'முந்தி' என்று வைத்தேன்.
"சேலை முந்தியா யக்கா?"
காசு முடிஞ்சு வைக்கிற இடந்தானே, இருக்கட்டும்.

முந்நூற்றேழும் ஏறின. எண்ணிக்கை சரி.
மைதீன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.
எதற்கும் இருக்கட்டுமென்று பட்டியலை அச்சடித்தேன்.
இத்தனை வருசம் முதல் பக்கத்தில் இருந்தவர்கள்
கடைசிப் பக்கத்தில்.
எண்ணிக்கை இதைச் சொல்லாது.
முக்கூடலில் டோக்கன் கொடுப்பது பக்க வரிசையில்,
பதினோரு மணிக்குள் மூன்று பக்கம்,
மற்றவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு,
அதுவும் சர்வர் இருந்தால்.

பட்டியல் எடுக்கும் கட்டளையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
வெறுமை முதலில்.

ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கினோம்.
பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
"யாருக்குமே தெரியப்போறதில்ல யக்கா, நீங்க செஞ்சது."
தெரியக்கூடாது என்பதுதானே இந்த வேலை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று.
அந்த அக்கா தங்கச்சியில்
யார் முதலில் அச்சாகிறார்கள் என்று
நான் பார்க்கவில்லை.